வாங்கிச் சாப்பிடுவதா, வடித்துச் சாப்பிடுவதா? – வாசகர் கேள்வி பதில்

மாதச் சந்தா கட்டினால் வீடு தேடி வரும் ‘ஆரோக்கிய’ச் சாப்பாடு பற்றியும், வீட்டிலேயே சமைக்கப் பழகுவது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நானும் அறை நண்பரும் ‘ஹெல்தி மீல்’ சந்தா கட்டியிருக்கிறோம். மதியம் ஒரு பெட்டி, இரவு ஒரு பெட்டி. பெட்டி 160 ரூபாய். மேலே ‘520 கலோரி, புரதம் 24 கிராம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி வருகிறது. மூன்று மாதத்தில் எடை 2 கிலோ கூடியிருக்கிறது. ஸ்டிக்கரை நம்பலாமா?
– வாசகர், வேளச்சேரி

ஸ்டிக்கரைப் படிப்பதை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிரித்து எடை போடுங்கள். சமையலறை டிஜிட்டல் தராசு ஒன்று போதும். மூன்று நாள், ஆறு பெட்டி. சோறு தனி, காய் தனி, குழம்பு தனி, பனீரோ முட்டையோ கோழியோ இருந்தால் அது தனி.

வெந்த சோறு 100 கிராம் ஏறக்குறைய 130 கலோரி. 300 கிராம் சோறு இருந்தால் அதிலேயே 390 ஆகிவிட்டது. மீதி 130 கலோரிக்குள் குழம்பு, பொரியல், தயிர் எல்லாம் அடங்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே கிட்டத்தட்ட 125 கலோரி. ஸ்டிக்கர் பெரும்பாலும் பொய்யாகிப்போவது இந்த எண்ணெயில்தான். செய்முறைத் தாளில் இரண்டு தேக்கரண்டி என்று எழுதி, அதை வைத்துக் கணக்குப் போட்டு ஸ்டிக்கர் அடித்திருப்பார்கள். அடுப்படியில் மாஸ்டர் கரண்டியால் அள்ளி ஊற்றுவார். ஏமாற்றும் எண்ணம் இல்லாத கடையிலும் இது நடக்கும்.

எண்ணெயைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குழம்பை ஒரு கண்ணாடி டம்ளரில் ஊற்றி இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். காலையில் மேலே ஏடு கட்டி நிற்பதைக் கரண்டியால் வழித்து அளந்துவிடலாம். தேங்காய் அரைத்த குழம்பாக இருந்தால் தேங்காயின் கொழுப்பும் அதில் சேர்ந்திருக்கும். ஆகவே சாம்பார், புளிக்குழம்பு வரும் நாளில் சோதியுங்கள்.

புரதக் கணக்கிலும் ஒரு வேலை உண்டு. 30 கிராம் துவரம் பருப்பு வெந்தால் ஒரு கிண்ணம். அதில் புரதம் ஆறரை கிராம்தான். 300 கிராம் சோற்றில் 8 கிராம் இருக்கும். தயிர் ஒரு கிண்ணம் 3 கிராம். இப்படிச் சோற்றையும் கூட்டிக்கொண்டு 17 கிராமைத் தாண்டிவிடலாம். அது பொய் இல்லை. ஆனால் நீங்கள் அந்த எண்ணைப் பார்த்து பருப்போ முட்டையோ நிறைய இருப்பதாக நினைத்திருப்பீர்கள், இல்லையா? கோழிக்கு வேறு குழப்பம். 100 கிராம் பச்சை நெஞ்சுக்கறியில் 22, 23 கிராம் புரதம். அதே கறி வெந்து நீர் வற்றியபின் 100 கிராம் எடுத்தால் 31. வெந்த கறியின் கணக்கை வைத்துக்கொண்டு பச்சைக் கறியை நிறுத்துப் போட்டால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் தெரியும்.

இனி காய். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரி சாப்பிடுகிறவருக்கு நாள் ஒன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய், 100 கிராம் பழம் என்று இருக்கிறது. இரண்டு வேளைப் பெட்டியை நம்பி வாழ்கிறவருக்கு ஒரு பெட்டியில் 150 முதல் 200 கிராம் காய் வேண்டும். உங்கள் தராசில் அது நூறைத் தொட்டால் அந்தக் கடையைப் பாராட்டுங்கள். விற்பவர் கையைக் கடிப்பது காய்தான். வாங்க வேண்டும், கழுவ வேண்டும், நறுக்க ஆள் வேண்டும், அன்றன்றைக்கே முடிக்க வேண்டும். சோறும் குழம்பும் மூன்று மணி நேரம் கேரியரில் கிடந்தாலும் தாங்கும். பீன்ஸ் பொரியல் மூடிய டப்பாவின் சூட்டில் வெந்து பழுத்து நிறம் மாறிவிடும்; கீரை அதைவிடச் சீக்கிரம் கெடும். அதனால்தான் பெட்டிகளில் உருளை, முட்டைகோஸ், பீட்ரூட் மூன்றும் மாறி மாறி வருகின்றன.

ஆகவே சந்தாவை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. மதியப் பெட்டி இருக்கட்டும். சோறு 200 கிராமுக்கு மேல் இருப்பதை எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். இரவுப் பெட்டியை நிறுத்திவிட்டு, காயை மட்டும் நீங்கள் சமையுங்கள். எப்படி என்பது அடுத்த கடிதத்துக்கான பதிலில்.

பி.ஜி.யில் தங்கியிருக்கிறேன். இண்டக்‌ஷன் அடுப்பு வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. டீ தவிர எதுவும் போடத் தெரியாது. சாம்பாரிலிருந்து ஆரம்பிக்கலாமா?
– வாசகி, கோவை

வேண்டாம். பருப்பு, புளி, பொடி, காய், தாளிப்பு என்று ஐந்து இடத்தில் தவறு நடக்க வாய்ப்புள்ள பண்டம் சாம்பார். எதில் தவறினோம் என்று புதிதாகச் சமைப்பவருக்குப் பிடிபடாது. பொரியல், கூட்டு, ரசம் என்ற வரிசையில் போங்கள். சாம்பாரை இரண்டாம் மாதம் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பாத்திரம். அடியில் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் இண்டக்‌ஷனில் சூடாகும். வீட்டிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் பழைய அலுமினிய குக்கர் இதில் வேலை செய்யாது. இண்டக்‌ஷன் அடி வைத்த 3 லிட்டர் குக்கர் ஒன்று, தட்டையான அடி உள்ள கனமான கடாய் ஒன்று, மூடி, கத்தி, பலகை, அளவுக் கரண்டி. இதற்கு மேல் எதுவும் முதல் மாதத்தில் வாங்காதீர்கள்.

பீன்ஸ் பொரியல், ஒருவருக்கு: 200 கிராம் பீன்ஸைப் பொடியாக, எல்லாம் ஒரே அளவாக நறுக்குங்கள். அளவு மாறினால் பாதி குழையும், பாதி நறுக்கென்று இருக்கும். கடாயில் 2 தேக்கரண்டி எண்ணெய். சூடானதா என்று பார்க்க ஒரு கடுகு போடுங்கள்; உடனே வெடித்தால் சரி. கிடந்து ஊறினால் எண்ணெய் காயவில்லை. புகை வந்தால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது, கடுகு கருகிக் கசக்கும். அரைத் தேக்கரண்டி கடுகு வெடித்து அடங்கியதும் ஒரு தேக்கரண்டி உளுத்தம் பருப்பு. அது பொன்னிறமாகும் வரை மட்டும். பிறகு கிள்ளிய வற்றல் மிளகாய், கறிவேப்பிலை, உடனே காய். இண்டக்‌ஷனில் தாளிக்கும்போது 1,000 வாட்டுக்கு மேல் வைக்காதீர்கள். கேஸ் அடுப்பைவிட வேகமாக அடி காயும், உளுந்து ஒரு நொடியில் சிவந்து அடுத்த நொடியில் கருகும்.

காயைப் போட்டு ஒரு நிமிடம் புரட்டி, கால் தேக்கரண்டிக்குச் சற்றுக் கூடுதலாக உப்பு, கால் டம்ளருக்கும் குறைவாகத் தண்ணீர் தெளித்து, மூடி, குறைந்த சூட்டில் 7 நிமிடம். திறந்து தண்ணீர் வற்றும் வரை இரண்டு நிமிடம் கிளறி, ஒரு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவி இறக்கவும். குழைந்துவிட்டால் தண்ணீர் அதிகம். பச்சை போய்ப் பழுப்பேறிவிட்டால் மூடி வெகுநேரம் இருந்துவிட்டது.

இதே முறையில் முட்டைகோஸ், காரட், அவரை, கொத்தவரை எல்லாம் வரும். கீரைக்கு மட்டும் உப்பைக் கடைசியில் போடுங்கள். ஒரு கட்டு கடாய் நிறையத் தெரியும், வதங்கினால் ஒரு பிடி. முதலில் கண்ணளவுக்குப் போட்டால் வாயில் வைக்க முடியாது. வெண்டைக்காயைக் கழுவித் துணியால் ஈரம் போகத் துடைத்த பிறகே நறுக்க வேண்டும், மூடக்கூடாது, வழவழப்பு போன பிறகே உப்பு. ஒரு தேக்கரண்டி தயிர் விட்டால் வழவழப்பு சீக்கிரம் அறுபடும்.

கூட்டு: 3 மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, 250 கிராம் சுரைக்காய் அல்லது புடலை, சிட்டிகை மஞ்சள், முக்கால் டம்ளர் தண்ணீர், குக்கரில் 2 விசில். காயே தண்ணீர் விடும் என்பதால் அதற்கு மேல் ஊற்றாதீர்கள். ஆவி அடங்கியதும் உப்பு, கீறிய பச்சை மிளகாய், அரைத் தேக்கரண்டி சீரகம் நசுக்கிப் போட்டு ஒரு கொதி. அதன்மேல் கடுகு தாளிப்பு. மிக்ஸி இல்லையென்றால் தேங்காய் அரைக்காமலே நன்றாக இருக்கும். காயும் புரதமும் ஒரே பாத்திரத்தில் வந்துவிடுவதால், தனியாக இருப்பவருக்கு இதைவிட லாபமான பண்டம் கிடையாது. சப்பாத்திக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும், சும்மாவே ஒரு கிண்ணம் சாப்பிடவும் ஆகும்.

ரசம்: நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, ஒரு தக்காளியைக் கையால் பிசைந்து, 2 டம்ளர் தண்ணீர், உப்பு, மஞ்சளுடன் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், 3 பல் பூண்டு நசுக்கிப் போட்டபின் கொதிக்கவே கூடாது. விளிம்பில் நுரை கட்டி எழும்பியதும் இறக்கி, கொத்தமல்லி போட்டுத் தாளித்துக் கொட்டவும். ரசம் கசந்தால் மிளகு சீரகம் போட்ட பிறகு கொதித்துவிட்டது என்று பொருள்.

துவரம் பருப்பு எட்டு விசில் வைத்தாலும் வேகவில்லை. குக்கர் பழுதா?
– வாசகர், திருவள்ளூர்

குக்கர்மேல் பழி போடுமுன் தண்ணீரைப் பாருங்கள். உப்புச் சத்து மிகுந்த போர் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் பருப்பை உள்ளே இறுக்கி, அதைக் கரையவிடாது. பருப்புக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். இரண்டாவது காரணம் பழைய பருப்பு. அதைக் கொதிநீரில் அரை மணி ஊறவைத்தால் ஓரளவு சரியாகும். மூன்றாவது, தக்காளியை முன்பே போட்டுவிடுவது. புளிப்பு இருக்கும் இடத்தில் பருப்பு மசியாது. சோடா உப்பு போட்டால் வேகும்தான். ஆனால் பி1 வைட்டமின் அழிந்துபோகும், சுவையும் கெடும்.

விசிலே வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது. பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துப் போட்டால் அன்றைய சமையல் ஒப்பேறும். புதிது வாங்குவதே தீர்வு. விசில் வழியாகப் பருப்புத் தண்ணீர் பொங்கினால் அளவு அதிகம். பருப்பு வகைக்குக் குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. சில துளி எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

அப்பாவுக்கு 68 வயது, சர்க்கரை நோய். காலையும் இரவும் இன்சுலின் போடுகிறார். ‘டயபடிக் மீல்’ என்று வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறார்கள். நல்ல சாப்பாடுதான், ஆனால் இரவுச் சாப்பாடு சில நாள் எட்டு மணிக்கு வருகிறது, சில நாள் ஒன்பதரைக்கு. இது பிரச்சினையா?
– வாசகி, மதுரை

சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்பதைவிடப் பெரிய பிரச்சினை அதுதான். ஊசி போட்டாயிற்று, சாப்பாடு வரவில்லை என்றால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது.

சாப்பாடு வீட்டுக்குள் வந்து, திறந்து பார்த்த பிறகே இரவு ஊசி என்று வைத்துக்கொள்ளலாமா, ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதை அவருடைய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்சுலின் வகைக்கு வகை அது மாறும். வண்டி தாமதமானால் உடனே எடுத்துக்கொள்ள வீட்டில் ஒரு மாற்று எப்போதும் இருக்கட்டும்: ஃபிரிட்ஜில் தோசை மாவு, அவித்த கொண்டைக்கடலை, முட்டை. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு வந்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். அந்த நேரத்தில் பிஸ்கட்டோ சாக்லேட்டோ கொடுப்பது தாமதமாகும்.

‘டயபடிக்’ என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் வாங்கினால், எதற்கு என்று கேளுங்கள். சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தி வைத்து, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு குருமா வைத்தால் அது டயபடிக் இல்லை. சிறுதானியச் சோறு என்றாலும் அளவு முக்கியம். சாமை, வரகில் நார்ச்சத்து அரிசியைவிட இரண்டு மடங்குக்கு மேல். ஆனாலும் 100 கிராம் சாமையில் மாவுச்சத்து சுமார் 65 கிராம் இருக்கத்தான் செய்கிறது. அரிசியில் 78. ‘சிறுதானியம்தானே’ என்று இரண்டு கரண்டி கூடுதலாக வைத்தால் கணக்கு நேராகிவிடும். சாமைக் கஞ்சியாகக் குழையவிட்டால் அதுவும் சர்க்கரையைச் சீக்கிரம் ஏற்றும்.

இன்னொன்று. அவருக்குச் சிறுநீரகப் பாதிப்பும் இருந்தால் ‘லோ சோடியம் உப்பு’ போடும் சமையற்கூடத்தைத் தவிருங்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும். பலவீனமான சிறுநீரகம் அதை வெளியேற்றாது. ‘உப்பு குறைவு’ என்று சொன்னால், எந்த உப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்தில் அப்பா அம்மா இருவர் மட்டும் இருக்கிறார்கள். இரண்டு வேளைக்கும் எடுப்புச் சாப்பாடு சொல்லிவிடலாம் என்றால் அம்மா கேட்க மாட்டேன் என்கிறார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?
– வாசகர், அபுதாபி

அம்மா கேட்காமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது. இரண்டு வேளையும் வெளிச் சாப்பாடு என்றால் முதலில் உப்பு கையை மீறும். ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் உப்பின் அளவு. குழம்பு, ரசம், கூட்டு, அப்பளம், ஊறுகாய் என்று வரும் ஒரு கேரியரே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். வயதானால் நாக்கில் உப்பு மட்டுப்படும் என்பதால் அவர்களுக்கும் அது தெரியாது, இரத்த அழுத்தம்தான் சொல்லும்.

எந்த வேலை அவருக்குக் கஷ்டம் என்று கேளுங்கள். பெரும்பாலும் நிற்பது, தேங்காய் துருவுவது, அரைப்பது, பெரிய பாத்திரம் கழுவுவது. அந்த வேலைகளை மட்டும் வெளியே கொடுங்கள். மதியக் குழம்பு மட்டும் ஒரு டிபன் அடுக்கில் வரட்டும். பல மெஸ்களில் குழம்பு மட்டும் தனியாகத் தருவார்கள். சோறும் ஒரு காயும் வீட்டில். மாவு வெளியில், இட்லி வீட்டில். நறுக்கிக் கொடுக்க ஒருவர் தினம் அரை மணி நேரம் வந்துபோனால் பாதிப் பாரம் இறங்கிவிடும். அப்பளம், ஊறுகாய் வேண்டாம் என்று கடையில் முன்பே சொல்லிவிடுங்கள். ‘சாப்பிட மாட்டோம்’ என்று சொல்லியும் வந்தால் சாப்பிடத்தான் செய்வார்கள்.

அடுப்பை அணைக்க மறக்கும் வயது என்றால், டைமர் வைத்தால் தானே அணையும் இண்டக்‌ஷன் ஒன்றை வாங்கிக் கொடுங்கள். சாதம் வைக்க எலக்ட்ரிக் குக்கர். மெல்ல முடியாதவர்களுக்கு அரிசி ஒன்றுக்குத் தண்ணீர் மூன்றரை. ஆளுக்கு ஒரு முட்டை அல்லது 50 கிராம் பனீர், இரண்டு வேளையும் தயிர் என்பதைக் கண்டிப்பாக்குங்கள். ரசம் சோறும் மோர் சோறும் மட்டுமே சாப்பிட்டு மெலிந்துபோகிற பெரியவர்கள் நம் ஊரில் அதிகம்.

பக்கத்துத் தெருவில் ஒரு அம்மா வீட்டிலேயே சமைத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார். ருசி பிரமாதம். என்னென்ன பார்க்க வேண்டும்?
– வாசகி, திருச்சி

வீட்டில் சமைத்து விற்றாலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எனும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். 14 இலக்க எண். சிறு விற்பனையாளர்களின் பதிவு 2 என்று தொடங்கும், பெரிய உரிமம் 1 என்று தொடங்கும். 2022 ஜனவரியிலிருந்து பில்லில் அந்த எண் இருக்க வேண்டும் என்பது விதி. ஆணையத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் யார் பெயரில், எந்த முகவரியில் என்று வரும். எண் இருப்பதனால் சமையல் சுத்தம் என்று ஆகிவிடாது. கெட்டுப்போனால் யாரைக் கேட்பது என்று தெரியும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியமான கேள்வி: எத்தனை மணிக்குச் சமைத்து முடிக்கிறீர்கள்? காலை பத்தரைக்கு இறக்கிய குழம்பு ஒன்றேகாலுக்கு வந்தால் நடுவில் இரண்டே முக்கால் மணி நேரம். அவ்வளவு நேரமும் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் பயமில்லை. அதற்குக் கீழே, வெதுவெதுப்பாக இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் கிருமி பெருகும். வரும்போது எவர்சில்வர் அடுக்கை வெறுங்கையால் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். கதகதவென்று பிடிக்கச் சுகமாக இருந்தால் அதுதான் ஆபத்தான சூடு.

சாம்பாரைப் பாலித்தீன் கவரில் கட்டித் தந்தால் வாங்காதீர்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கும் உணவு கட்டும் தாள்களுக்கும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. உங்கள் கேரியர் இரண்டை அவரிடம் சுழற்சியில் விடுங்கள். டப்பாதான் என்றால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று இருக்கட்டும். அது சூடு தாங்கும். 1-ம் 6-ம் சூடான பண்டத்துக்கு ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகச் சமைத்து வெள்ளி வரை வைத்துக்கொள்கிறோம். தவறா?
– தம்பதியர், ஓசூர்

ஐந்து நாள் சாம்பார் தவறுதான். சமைத்த பண்டமாக இல்லாமல் சமைக்கத் தயாரான பண்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தேங்காய் சேராத சாம்பார், புளிக்குழம்பு ஃபிரிட்ஜில் 2 நாள், மிஞ்சினால் 3. தேங்காய் அரைத்தது மறுநாளோடு சரி. கீரை அன்றைக்கே.

சோறு விஷயத்தில் மிகக் கவனம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து கொதித்தாலும் சாகாது. சோறு வெளியில் ஆறிக்கிடக்கும்போது முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. மிச்சச் சோற்றை அகலமான தட்டில் இரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லாமல் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாளே முடியுங்கள். குக்கரோடு தூக்கி உள்ளே வைத்தால் நடுச்சோறு நடுராத்திரி வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ‘பழைய சோறு சாப்பிட்டே வளர்ந்தோமே’ என்று கேட்பீர்கள். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றில் புளிப்பேறும், காலையில் சாப்பிட்டு முடித்துவிடுவோம். மதியம் ஹாட்பேக்கில் மூடி வைத்துவிட்டு இரவு திறக்கும் சோறு வேறு.

ஞாயிறன்று செய்ய வேண்டியவை: அரைக் கிலோ கொண்டைக்கடலையை ஊறவைத்து அவித்து, ஒருவேளைக்கான பொட்டலங்களாக ஃப்ரீசரில். தேங்காய் துருவி அதுவும் ஃப்ரீசரில். பூண்டும் சின்ன வெங்காயமும் உரித்து டப்பாவில். பச்சை வாசனை போக வதக்கிய வெங்காயம் தக்காளித் தொக்கு, 4 நாளுக்கு. கீரையை ஆய்ந்து, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். கழுவி வைத்தால் அழுகும். இவ்வளவு இருந்தால் வார நாளில் 25 நிமிடத்தில் சமையல் முடியும். கீழே பருப்பு, மேலே சோறு என்று குக்கரை ஏற்றிவிட்டு, அது விசில் அடிக்கிற நேரத்தில் காய் நறுக்கித் தாளித்துவிடலாம்.

வீட்டில் சமைத்தால் செலவு குறையும் என்றார்கள். முதல் மாதம் டெலிவரியைவிட அதிகம் ஆகிவிட்டது. எங்கே தவறு?
– வாசகர், தாம்பரம்

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அரிசி கிலோ 60, பருப்பு 140, காய் சராசரி 60, எண்ணெய் 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி 6 ரூபாய், 30 கிராம் பருப்பு 4, கால் கிலோ காய் 15, 10 கிராம் எண்ணெய் 2, தயிர் 8, புளி மிளகாய் மசாலா 4, எரிபொருள் 4. மொத்தம் 43. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். 60-ஐத் தாண்டுவது கடினம்.

அப்படியும் மிஞ்சாததற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். முதல் மாதம் பாத்திரமும் மளிகையும் சேர்ந்து விழும். அதை 12 மாதத்துக்குப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும். அடுத்தது, ஆசைக்கு வாங்கிய ஆலிவ் எண்ணெய், சியா விதை, ஓட்ஸ் மாவு. ‘ஆரோக்கியமாகச் சமைக்கிறேன்’ என்று கிளம்புகிறவர்கள் பலரின் பணம் அங்கேதான் போகிறது. கடலை எண்ணெயும் எள்ளும் அந்த வேலையைச் செய்யும். மூன்றாவது, அழுகிப்போன காய். இருவருக்கு மூன்று நாளைக்கு 2 கிலோவுக்கு மேல் காய் வாங்காதீர்கள். முதலில் கீரை, வெண்டை, கத்தரி. கடைசி நாளுக்கு காரட், கோஸ், சேனை என்று கெடும் வரிசையில் சமையுங்கள். சமைக்கப்போவதாக நினைத்து வாங்கி, களைப்பில் வெளியில் சொல்லிவிட்டு, காயையும் எறிந்தால் இரண்டு செலவு. வாரத்தில் எந்த இரண்டு இரவு சமைக்க மாட்டோம் என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, அந்த இரண்டு நாளுக்குக் காய் வாங்காமல் இருந்துவிடுங்கள்.

முளைகட்டிய பயறு சாலட் தினமும் டெலிவரியில் வருகிறது. கர்ப்பமாக இருக்கிறேன். சாப்பிடலாமா?
– வாசகி, சேலம்

பச்சையாக வேண்டாம். பயறு முளைக்கத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்கும் வசதியானவை. வேருக்குள் போய்விட்டால் கழுவினாலும் போகாது. நன்றாக வேகவைத்துச் சுண்டலாகச் சாப்பிடுங்கள்.

நறுக்கிய காய் பாக்கெட் வாங்குவது பரவாயில்லையா?
– வாசகர், பெருங்குடி

பீன்ஸ், காரட், உரித்த சின்ன வெங்காயம், சேனை வாங்கலாம். உள்ளே நீர் கோத்திருந்தால், தொட்டால் வழுவழுத்தால் விட்டுவிடுங்கள். நறுக்கிய கீரை, வாழைப்பூ, கத்தரி வேண்டாம். வாங்கிய அன்றே ஒரு தரம் அலசிச் சமைத்துவிட வேண்டும்.

கடையில் மாவு வாங்குவதைப் பார்த்து மாமியார் ‘சோம்பேறித்தனம்’ என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, விருதுநகர்

ஈர மாவை நீங்கள் அரைத்தாலும் கிரைண்டர்தான் அரைக்கப்போகிறது. வாங்குங்கள். பாக்கெட் உப்பிப் பந்தாக இருந்தால் ஏற்கெனவே புளித்தது. தேதி அன்றையதோ முந்தின நாளையதோ என்று பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பாக்கெட்டிலிருந்து பாத்திரத்துக்கு மாற்றி, மேலே பாதி இடம் காலியாக விட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். வேண்டிய அளவை மட்டும் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். மொத்தத்தையும் வெளியே எடுத்து மறுபடி உள்ளே வைப்பதால்தான் இரண்டாம் நாளே புளிக்கிறது. மாவு நீர்த்து ஓடினால் அவர்கள் தண்ணீர் கூட்டியிருக்கிறார்கள், கடையை மாற்றுங்கள். மாமியாருக்கு அரைக்க ஆசை இருந்தால், இட்லி அரிசி 4, உளுந்து 1, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்று அளந்து ஊறவைத்து, உளுந்தை மட்டும் அவர் பதம் பார்த்துச் சொல்லட்டும். அந்தப் பதம் பாக்கெட்டில் வராது.